ஒரு கோட்டை நம்பி ரிப்போர்ட் எழுத முடியாது

"ரத்தம் எடுத்துப் பாத்தா எல்லாம் தெரிஞ்சிடுமா ஆத்தா?" கொடும்பாளூரில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேட்பார். விராலிமலை வழியாகத் திருச்சிக்கு பஸ் பிடித்து லேப் வேலைக்குப் போகிறவள் நான். "தெரியும் பெரியம்மா, ஆனா ஒரே டெஸ்ட்ல தெரியாது" என்பேன். அரிவாள் செல் சோகை இதற்கு நல்ல சாட்சி.

இந்தியாவில் இது முதலில் பதிவான இடங்களில் நம் நீலகிரியும் ஒன்று. 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் அங்குள்ள பழங்குடியினரிடம் இந்தத் தன்மையைக் கண்டார்கள். நோயாளியின் ஹீமோகுளோபின் மின்சாரத்தில் வேறு விதமாக நகர்கிறது என்பதை 1949-இலேயே லைனஸ் பாலிங் குழு காட்டியிருந்தது. அந்தப் புரதத்தின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்துவிடுகிறது, எதிர்மின்சுமை குறைகிறது. ஆக்சிஜன் இறங்கினால் இந்தப் புரதம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சிவப்பணுவை அரிவாளாக வளைக்கிறது.

ஊதா மூடி டியூபில் வந்த ரத்தத்தில் பிளாஸ்மாவை நீக்கி, அணுக்களை சலைனில் கழுவி உடைப்போம். அந்தச் சிவப்பு நீரை, பிஎச் 8.6 பஃபரில் நனைத்த செல்லுலோஸ் அசிடேட் பட்டையில் மெல்லிய கோடாக வைத்து மின்சாரம் பாய்ச்சினால், வழக்கமான ஹீமோகுளோபின் ஏ முன்னே ஓடும், அரிவாள் வகையான எஸ் பின்தங்கும். சாயம் ஏற்றியதும் கோடுகள் தெரியும். ஏ, எஸ் இரண்டும் இருந்து ஏ தடித்திருந்தால், மரபணுவைச் சுமப்பவர், நோயாளி அல்ல.

சிக்கல் இங்கேதான். ஹீமோகுளோபின் டி என்ற இன்னொரு வகையும் எஸ் நிற்கும் அதே இடத்தில்தான் நிற்கும். எனவே டைதயோனைட் கலந்த கரைதிறன் சோதனையும் செய்வோம். எஸ் இருந்தால் குழாய் கலங்கி, பின்னால் பிடித்த தாளிலுள்ள கோடு மறையும். டி மட்டும் இருந்தால் கோடு தெளிவாகத் தெரியும். ஆனால் கலங்கல், சுமப்பவரா நோயாளியா என்று சொல்லாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது நம்பத்தக்கதும் அல்ல. ஏனென்றால் அதன் ரத்தத்தில் கருவின் ஹீமோகுளோபின் நிறைய இருக்கும். எச்பிஎல்சி இயந்திரம்தான் ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்று பிரித்துத் தரும்.

பெற்றோர் இருவரும் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கு 25 சதவீத வாய்ப்பு. கல்யாணப் பேச்சே ஒரு ரிப்போர்ட் தாளில் நிற்கலாம். ஆகவே கரைதிறன் சோதனை 'பாசிட்டிவ்' என்றால் அதோடு விடாமல் எச்பிஎல்சி கேளுங்கள். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கொடுத்தவருடைய ஏ உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும்.