செயற்கை சுவாசக் குழாய் பொருத்தப்பட்டவருக்கு வாயில் அழுத்தப் புண் வராமல் காத்தல்

தாமாக மூச்சுவிட இயலாத நோயாளிக்கு, வாய் வழியாக மூச்சுக்குழாயினுள் ஒரு குழாய் செலுத்தப்பட்டு வென்டிலேட்டருடன் இணைக்கப்படுகிறது. உயிர் காக்கும் இக்குழாய், உதடு, கடைவாய், நாக்கு, ஈறு ஆகியவற்றின் மீது ஒரே இடத்தில் நெடுநேரம் அழுந்தினால் அங்கே புண் உண்டாகலாம். இதுவே அழுத்தப் புண்.

ஏன் ஏற்படுகிறது?

அழுந்திய இடத்தில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, இரத்த ஓட்டம் குறைந்து, திசு சிதைகிறது. குறைந்த இரத்த அழுத்தம், முகவீக்கம், ஊட்டச்சத்துக் குறைவு, குப்புறப் படுக்கவைத்து அளிக்கும் சிகிச்சை ஆகியன இவ்வாய்ப்பை அதிகரிக்கின்றன. மயக்க நிலையில் உள்ளவரால் வலியைச் சொல்ல இயலாது. பிறர் பார்த்தே கண்டறிய வேண்டும்.

மருத்துவக் குழுவினர் செய்வன

• உதடு, நாக்கு, கடைவாய் ஆகியவற்றை ஒவ்வொரு பணிமுறையிலும் வெளிச்சத்தில் பார்த்தல்.
• குறித்த இடைவெளியில் குழாயை வாயின் மறுபக்கத்திற்கு மாற்றுதல். ஒருவர் குழாயைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கட்டை மாற்றுவார். குழாயின் சென்டிமீட்டர் அளவு முன்னும் பின்னும் சரிபார்க்கப்படும்.
• கட்டு இறுகாமலும் நனையாமலும் பார்த்துக்கொள்ளுதல்.
• உமிழ்நீரை உறிஞ்சி, வாயைச் சுத்தம் செய்து, உதட்டை உலராமல் காத்தல்.

நோயாளியின் நிலை மிகவும் மோசமாக இருக்கும் வேளையில் குழாயை நகர்த்துவதே ஆபத்தாகலாம். அப்போது இடமாற்றம் ஒத்திவைக்கப்படும். எனவே, உரிய கவனிப்பு இருந்தும் சிலருக்குப் புண் வருவதுண்டு.

உறவினர்கள் செய்ய வேண்டியவை

• பல்செட், ஆடும் பல், பழைய வாய்ப்புண், பிளாஸ்திரி ஒவ்வாமை ஆகியன இருப்பின் முன்னரே தெரிவியுங்கள்.
• உதட்டில் வீக்கம், நிறமாற்றம், இரத்தக் கசிவு தென்பட்டால் உடனே செவிலியரிடம் கூறுங்கள். தயங்க வேண்டாம், அது குறை கூறுவதாகாது.

செய்யக் கூடாதவை

• குழாயையோ கட்டையோ தொடாதீர்கள். குழாய் நழுவினால் உயிருக்கே ஆபத்து.
• வாய் உலர்ந்திருப்பதாகக் கருதித் தண்ணீர் ஊட்டாதீர்கள். அது நுரையீரலுக்குள் செல்லக்கூடும்.
• எண்ணெயோ களிம்போ தாமாகத் தடவாதீர்கள். எண்ணெய்ப் பசையால் பிளாஸ்திரி விலகிவிடும்.

குழாய் அகற்றப்பட்ட பின்

விழுங்கும் திறனை மருத்துவர் உறுதிசெய்த பின்னரே உணவு தர வேண்டும். வாயில் புண் இருப்பின் காரம், புளிப்பு, அதிகச் சூடு ஆகியவற்றைத் தவிர்த்து, ஆறிய கஞ்சி, குழைந்த சோறு போன்றவற்றை அளிக்கலாம். புண் 2 வாரங்களுக்கு மேலும் ஆறாவிடில் மருத்துவரையோ பல் மருத்துவரையோ அணுகவும்.