வீ.ஆர். கண்ணாடியை ஆஸ்பத்திரிக்கு விற்கலாமா?

திருகோணமலைத் துறைமுகத்தடியில் போன் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கடந்த வாரம் வந்தார். "காக்கா, வீ.ஆர். கண்ணாடி பத்து இறக்கினால் ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கலாமா? ஐ.சீ.யூ. நோயாளிகளின் பயத்தைப் போக்குமாமே" என்றார். தங்கச்சியின் கலியாணத்துக்குச் சேர்த்த பணம் அது என்பது எனக்குத் தெரியும்.

ஐ.சீ.யூ. எப்படியிருக்கும் என்பதை அனுபவித்தவன் நான். மாரடைப்பு வந்து நான்கு நாட்கள் கிடந்தேன். அணையாத வெளிச்சம், ஓயாத இயந்திரச் சத்தம். சுபஹா மஃரிபா என்றே தெரியாது. வலியை விடப் பயம்தான் பொல்லாதது.

இந்தக் கண்ணாடி கண்ணை முழுதாக மறைத்து, கடற்கரையையோ காட்டையோ காட்டும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். மனிதனின் கவனம் அளவானது. அதைக் காட்சி பிடித்துக்கொண்டால் வலிக்கும் பயத்துக்கும் மிஞ்சுவது குறைவு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1990களின் பிற்பகுதியிலேயே ஹன்டர் ஹொஃப்மன், டேவிட் பெட்டர்சன் ஆகியோர் தீக்காயக்காரருக்கு இதைக் கொடுத்தனர். புண்ணைத் துப்புரவு செய்யும்போது நோயாளி பனி உலகில் பனிப்பந்து எறிந்துகொண்டிருப்பார்.

ஐ.சீ.யூ.வில் பலன் அவ்வளவு தெளிவில்லை. புளோரிடா பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. வலியிலும் தூக்கத்திலும் சீரான மாற்றம் தெரியவில்லை. மயக்கத்தில் உள்ளவர், வலிப்புக்காரர், முகத்தில் காயமுள்ளவர், குமட்டல் உள்ளவர் எல்லோருக்கும் இது பொருந்தாது.

இனி வியாபாரத்துக்கு வருவோம். மெட்டா குவெஸ்ட் 3எஸ் 2024இல் வந்தபோது அமெரிக்காவில் சுமார் 300 டொலராக இருந்தது. அது விளையாட்டுச் சாமான். "நோயைத் தணிக்கும்" என்று சொல்லி விற்கத் தொடங்கினால் அது மருத்துவ சாதனம் ஆகிவிடும். நாட்பட்ட இடுப்பு வலிக்கான ஈஸ்-வீஆர்எக்ஸ், 2021 நவம்பரில் அமெரிக்க அனுமதி பெற்றுத்தான் சந்தைக்கு வந்தது. நமது நாட்டிலும் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டப்படி மருத்துவ சாதனங்களைத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையில் பதிவு செய்ய வேண்டும். அத்துடன் ஒரு முகத்திலிருந்து மற்ற முகத்துக்குக் கிருமி போகாதபடி துடைக்கக்கூடிய உறை, தமிழிலும் சிங்களத்திலும் பேசும் காட்சிகள், தாதியருக்குப் பயிற்சி எல்லாம் வேண்டும். விலைப் பட்டியலில் இவை வராது.

"ஒன்று மட்டும் எடு. ஐ.சீ.யூ.வைப் பார்க்கும் மயக்க மருந்து வைத்திய நிபுணரிடம் காட்டிக் கேள். மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்" என்றேன். தம்பியின் முகம் வாடிவிட்டது. பிள்ளைகளின் விளையாட்டுக்கு வாங்க ஆளிருக்கிறதா என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்.