கிளட்ச் தட்டுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி?

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளில், கையடக்கமான தடிமன்மானியால் ஒரே தோலைப் பல இடங்களில் அளப்பதைக் காணலாம். காலணியின் மேல்தோலுக்குப் பெரும்பாலும் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் தடிமன் தேவை. ஒரு தோல் 0.1 மி.மீ. தடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பத்துத் தோல்களை அடுக்கினாலோ அடுக்கு 1 மி.மீ. உயர்ந்துவிடும். அடுக்கில் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போகும்!

ஊரையொட்டிச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஓடும் சில கார்களிலும் இதே கணக்கு ஒளிந்திருக்கிறது. கிளட்ச் மிதி இல்லாமல், தாமே கியர் மாற்றிக்கொள்ளும் கார்கள் அவை. அவற்றில் பல வகை உண்டு. எண்ணெயில் நனைந்த கிளட்ச் அடுக்குகள் கொண்ட வகையை மட்டும் இங்கே காண்போம். ஜெனரல் மோட்டார்ஸ் 1939-ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய ஹைட்ராமாட்டிக் இவ்வகையில் முன்னோடி.

இந்த அடுக்கில் உராய்வுத் தட்டும் எஃகுத் தட்டும் மாறி மாறி இருக்கும். எண்ணெய் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும்போது தட்டுகள் இறுகி ஒன்றாகச் சுழலும். அழுத்தம் நீங்கியதும் வில் பிஸ்டனைப் பின்னே தள்ளிவிடும். அப்போது தட்டுகளுக்கிடையே மொத்தமாக எஞ்சும் வெளியைத்தான் மெக்கானிக்குகள் 'கிளியரன்ஸ்' என்கிறார்கள்.

அது எவ்வளவு இருக்க வேண்டும்? வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. உராய்வுத் தட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 0.25 மி.மீ. என்பது தோராயக் கணக்கு. நான்கு தட்டுகளுக்கு 1 மி.மீ. என்று கொள்வோம்.

பெட்டியைப் பிரித்துப் புதுத் தட்டுகள் போடுகிறார்கள். நான்கு உராய்வு, நான்கு எஃகு; எட்டும் 0.05 மி.மீ. தடித்துவிட்டால் பிழை 0.4 மி.மீ. இடைவெளி 0.6 ஆகச் சுருங்கும். எண்ணெயின் பாகுநிலை இழுவை இடைவெளிக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஆகவே அது ஏறக்குறைய 1.7 மடங்காகும். விட்ட நிலையிலும் தட்டுகள் இழுபட்டுச் சூடேறும். நாளடைவில் உராய்வுப் பூச்சு கருகும்.

தட்டுகள் அதே அளவு மெலிந்திருந்தால்? இடைவெளி 1.4 மி.மீ. ஆகும். பிஸ்டனின் பரப்பு 100 சதுர செ.மீ. எனில், 10 கன செ.மீ. எண்ணெய் நிரம்ப வேண்டிய இடத்தில் 14 கன செ.மீ. நிரம்ப வேண்டும். கியர் தாமதமாக விழும். விழும்போது வண்டி குலுங்கும்.

எனவே, 'புதுத் தட்டுதானே' என்று அளக்காமல் மூடிவிடக் கூடாது. உராய்வுத் தட்டுகளை உரிய எண்ணெயில் ஊறவைத்து அடுக்கி, கடைசித் தட்டுக்கும் அதைப் பிடித்திருக்கும் வளையத்துக்கும் நடுவே ஃபீலர் கேஜைச் செருகிப் பல இடங்களில் அளக்க வேண்டும். பிழை இருந்தால் வேறு தடிமனுள்ள வளையமோ கடைசித் தட்டோ போட்டுச் சரிசெய்யலாம். இடம் வேண்டுமென்று ஓர் உராய்வுத் தட்டை எடுத்துவிட்டால், உராயும் முகங்கள் 8-லிருந்து 6 ஆகும். அதே அழுத்தத்தில் கிளட்ச் தாங்கும் திருப்புவிசையும் கால்பங்கு குறையும். மேட்டில் ஏறும்போது கிளட்ச் வழுக்கக்கூடும்!

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். ஒரு நோட்டில் 100 தாள்களை எண்ணி, அளவுகோலால் உயரத்தை அளந்து, நூறால் வகுங்கள். முதலில் லேசாகவும் பிறகு இறுக்கியும் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு விடை வரும். தோலை அளக்கும் கருவி எப்போதும் ஒரே அழுத்தத்தில் அழுத்துவது ஏன் என்பது அப்போது விளங்கும்.