ஆங்கில இணைப்புச் சொற்களும் நம் வீட்டுத் தமிழும்

வெளி மாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு உண்டு. "வீட்ல தமிழ் பேசறதாலதான் பையனுக்கு இங்கிலீஷ் சரியா வரலை" என்பதுதான் அது. தில்லியில் பல ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தி வருகிறேன். அந்த அனுபவத்தில் இந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. குறிப்பாக, இரண்டு வாக்கியங்களை இணைக்கும் சொற்களில் பிள்ளைகள் செய்யும் பிழைகள் பலவற்றை நம் தமிழை வைத்தே திருத்திவிடலாம்.

இணைப்புச் சொல் நம் மரபுக்குப் புதிதல்ல. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இடைச்சொற்களுக்கென்றே 'இடையியல்' என்று ஓர் இயலை ஒதுக்கினார். 'உம்' என்ற ஒன்றுக்கு மட்டும் எட்டுப் பொருள் சொன்னார். பார்க்கச் சின்னச் சொல்தான்; ஆனால் அது இடம் மாறினால் வாக்கியத்தின் பொருளே மாறிவிடும். ஆங்கிலத்திலும் அதே கதைதான்.

முதல் பிழையைப் பார்ப்போம். 'ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வீ வென்ட் அவுட்' என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். இந்தியில் 'ஹாலாங்கி' என்று தொடங்கினால் 'லேகின்' என்று தொடர்வது இயல்பு. 'சூங்கி' வந்தால் பின்னாலேயே 'இஸ்லியே' வரும். பள்ளியிலும் தெருவிலும் இந்தி கேட்டு வளரும் பிள்ளை அந்த ஜோடியை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறது. ஆனால் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முடிச்சுதான். 'ஆல்தோ' போட்டால் 'பட்' வேண்டாம். 'சின்ஸ்' போட்டால் 'ஸோ' வேண்டாம். தமிழில் சொல்லிப் பாருங்களேன்: 'மழை பெய்தும் வெளியே போனோம்' என்போம், அல்லது 'மழை பெய்தது, ஆனால் வெளியே போனோம்' என்போம். 'மழை பெய்தும் ஆனால் போனோம்' என்று சொன்னால் நம் வீட்டுக் குழந்தையே சிரித்துவிடும்!

இரண்டாவது, 'அன்டில்'. 'அன்டில் ஹீ டஸ் நாட் கம், வெயிட் ஹியர்' என்ற வாக்கியத்தை வட இந்தியாவில் பெரியவர்கள் வாயிலும் கேட்கலாம். 'ஜப் தக் வோ நஹீன் ஆதா' என்ற இந்தி அமைப்பில் 'நஹீன்' உண்டு. அதுதான் 'நாட்' ஆகி வந்து உட்காருகிறது. தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? 'அவர் வரும் வரை இங்கேயே இரு.' இதில் 'இல்லை' எங்கே இருக்கிறது? 'வெயிட் ஹியர் அன்டில் ஹீ கம்ஸ்' என்பதும் அச்சாக இதே அமைப்புதான். 'வரை' என்று வாய் சொன்னால் 'நாட்' தானாக நின்றுவிடும்.

மூன்றாவது, 'அன்லெஸ்'. இதில் தவறினால் பொருளே தலைகீழாகிவிடும். 'அன்லெஸ் யூ டோன்ட் பே, யூ வில் பி ஃபைன்ட்' என்று ஒரு அறிவிப்பு எழுதினால், பணம் கட்டியவருக்கு அபராதம் என்றுதான் அர்த்தம்! 'அன்லெஸ்' என்பது நம் 'கட்டாவிட்டால்' போன்றது. எதிர்மறை அதற்குள்ளேயே இருக்கிறது. 'அன்லெஸ் யூ பே' என்றாலே 'நீங்கள் கட்டாவிட்டால்' என்று பொருள் வந்துவிடும். நாளைக்கு அலுவலகக் கடிதமோ ஒப்பந்தமோ எழுதப்போகும் பிள்ளைக்கு இது மதிப்பெண் விஷயம் மட்டுமல்ல.

தமிழ் நம்மை வழிதவறச் செய்யும் இடமும் ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். 'நான் பள்ளிக்குப் போகவில்லை. ஏனென்றால் எனக்குக் காய்ச்சல்.' தமிழில் இவை இரண்டும் முழு வாக்கியங்கள். அதே பழக்கத்தில் 'ஐ டிட் நாட் கோ டு ஸ்கூல்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, 'பிகாஸ் ஐ ஹாட் ஃபீவர்' என்று தனியாக எழுதுகிறார்கள். பேச்சில் பரவாயில்லை. தேர்வுத் தாளில் இரண்டாவது அரை வாக்கியமாகத்தான் எண்ணப்படும். 'பிகாஸ்' பகுதி எப்போதும் இன்னொரு முழு வாக்கியத்தோடு ஒட்டியே நிற்க வேண்டும். இந்த இடத்தில் 'ஏனென்றால்' என்பதைவிட, 'காய்ச்சல் இருந்ததால்' என்று நினைத்துக்கொள்வது நல்லது. 'இருந்ததால்' என்று சொல்லி யாரும் அங்கே நிறுத்த மாட்டார்கள் அல்லவா?

கடைசியாக, 'டிஸ்பைட் ஆஃப்' என்று ஒன்று கிடையாது. 'டிஸ்பைட் த ரெய்ன்' அல்லது 'இன் ஸ்பைட் ஆஃப் த ரெய்ன்' என்று எழுத வேண்டும்.

ஆகவே பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பிள்ளை எழுதிய ஆங்கில வாக்கியத்தில் சந்தேகம் வந்தால், "இதைத் தமிழ்ல சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். முடிச்சு ஒன்றா இரண்டா, 'இல்லை' தேவையா இல்லையா என்று அதற்கே தெரிந்துவிடும். ஆனால் அதற்குப் பிள்ளைக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்துக்காக வீட்டில் தமிழை நிறுத்திவிட்டால், கையில் இருக்கிற அளவுகோலை நாமே தூக்கிப் போட்டதாக ஆகும்.