நாற்பது கோழிகள் இறந்தால் நகரமே ஏன் கவலைப்பட வேண்டும்?

2006 பிப்ரவரியில் கோம்பாக் வட்டாரத்தின் நான்கு கம்பங்களில் சுமார் 40 கோழிகள் அடுத்தடுத்து மடிந்தன. எச்5என்1 பறவைக் காய்ச்சல்தான் காரணம் என்பது பரிசோதனையில் உறுதியானது. அம்பாங்கிலிருந்து அந்த இடங்கள் அதிகத் தொலைவில் இல்லை. அதிகாரிகள் அங்கிருந்த மற்ற கோழிகளையும் வாத்துகளையும் அழித்தனர். நோய் அறிகுறியே இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்தவையும் தப்பவில்லை.

ஆரோக்கியமான கோழியை ஏன் கொல்ல வேண்டும்? ஆசையாக வளர்த்தவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. வைரஸ்கள் எப்படிப் பரிணமிக்கின்றன என்பதில் இதற்கான விடை இருக்கிறது.

இன்புளூயன்சா ‘ஏ’ வைரஸின் இயற்கை வீடு கோழி அல்ல. காட்டு வாத்துகள், கடற்காகங்கள், கரைப்பறவைகள் ஆகியவற்றில்தான் அது காலங்காலமாக வாழ்கிறது. பறவைகளில் மட்டும் குறைந்தது 16 வகை ‘எச்’ புரதங்களும் 9 வகை ‘என்’ புரதங்களும் கண்டறியப்பட்டுள்ளன. வாத்தின் குடலில் பெருகும் வைரஸ் எச்சத்தின் வழியே தண்ணீரில் கலந்து அடுத்த பறவையை அடைகிறது. பெரும்பாலும் வாத்துக்கு நோயே வருவதில்லை.

அதே வைரஸ் கோழிக்கூட்டத்துக்குள் நுழையும்போது நிலைமை மாறலாம். ‘எச்’ புரதத்தை ஒரு நொதி வெட்டினால்தான் வைரஸ் உயிரணுவுக்குள் நுழைய முடியும். சாதாரண வகைகளை வெட்டும் நொதிகள் குடலிலும் சுவாசப் பாதையிலும் மட்டுமே உள்ளன. எச்5, எச்7 வகைகளில் வெட்டுப்படும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் கூடிவிட்டால், உடல் முழுவதும் உள்ள நொதிகள் அதை வெட்டிவிடும். பிறகு மூளை, இதயம் என எல்லா உறுப்புகளிலும் வைரஸ் பெருகி, கோழி ஓரிரு நாட்களில் இறந்துவிடும்.

மனிதனைத் தொற்றுவது வைரஸுக்கு அவ்வளவு எளிதல்ல. பறவை வைரஸ் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை மூலக்கூறு நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு; நுரையீரலின் ஆழத்தில்தான் அதிகம். அதனால்தான் தொற்று ஏற்படுவது அரிது. ஏற்பட்டால் கடுமையாகவும் இருக்கக்கூடும். வெப்பநிலையும் ஒரு தடை. கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி. நம் மூக்கின் உட்பகுதியோ 33 டிகிரியை ஒட்டியது. அந்தக் குளிர்ச்சியில் வேகமாகப் பெருக, வைரஸின் நகலெடுக்கும் புரதமும் மாற வேண்டும்.

இதை எண் பூட்டுக்கு ஒப்பிடலாம். எல்லா எண்களும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். ஆனால், இந்த ஆர்என்ஏ வைரஸ் தன்னை நகலெடுக்கும்போது பிழைகளைத் திருத்திக்கொள்வதில்லை. ஒவ்வொரு பிழையும் பூட்டின் எண்ணை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது போன்றது. இரண்டு வெவ்வேறு வைரஸ்கள் ஒரே உயிரணுவுக்குள் நுழைந்தால் மாற்றம் இன்னும் வேகமாக நடக்கும். இந்த வைரஸின் மரபணுக்கள் 8 துண்டுகளாக இருப்பதால், துண்டுகள் இடம் மாறிப் புதுவகை பிறக்கும். 1957, 1968 ஆகிய ஆண்டுகளில் உலகைத் தாக்கிய காய்ச்சல்கள் பறவை வைரஸின் துண்டுகள் மனித வைரஸோடு கலந்ததால் உருவானவை.

ஆகவே, தொற்றிய ஒவ்வொரு கோழியும் வைரஸுக்குப் பல கோடி முயற்சிகளைத் தருகிறது. கோழிகளை அழிப்பது தண்டனை அல்ல. அந்த முயற்சிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழி. 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 வைரஸால் 18 பேர் பாதிக்கப்பட்டு 6 பேர் இறந்தனர். அங்கிருந்த கோழிகள் முழுவதும் அழிக்கப்பட்டதும் மனிதத் தொற்று நின்றது. ஆனாலும், அதன் உறவு வைரஸ்கள் தென் சீனாவின் வாத்து, தாரா வகைகளில் தங்கி, சில ஆண்டுகளில் மீண்டும் பரவின. 2003 முதல் உலகில் 900க்கும் அதிகமானோருக்குத் தொற்றியதில் ஏறக்குறைய பாதிப்பேர் உயிரிழந்துள்ளனர். அண்மைய ஆண்டுகளில் தென் அமெரிக்கக் கடற்சிங்கங்களும், 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளும் பாதிக்கப்பட்டன. மனிதரிடையே தொடர்ந்து பரவும் திறனை மட்டும் எச்5என்1 இன்னும் பெறவில்லை.

பழியை வலசை வரும் பறவைகள் மீது மட்டும் போடுவதும் சரியல்ல. கோலா சிலாங்கூர் கடலோரத்துக்கு ஆண்டுதோறும் வடக்கிலிருந்து கரைப்பறவைகள் வருகின்றன என்பது உண்மைதான். ஆனால், 2004இல் கிளந்தானின் தும்பாட் வட்டாரத்தில் நோய் முதலில் தோன்றியபோது, தாய்லாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட சண்டைச் சேவல்கள் மீதே சந்தேகம் எழுந்தது. மனிதர்களின் வணிகமும் வைரஸுக்கு ஒரு பாதை.

2006இல் கோம்பாக் சம்பவத்தில் எந்த மனிதருக்கும் தொற்றவில்லை. நோய் சீக்கிரமே கண்டறியப்பட்டது அதற்கு உதவியது. ஆனால், கோழிகள் போய்விடுமே என்று பயந்து ஒரு வீடு மறைத்தாலும் இந்த ஏற்பாடு பலவீனமாகிவிடும். இழப்பீடு நியாயமாகவும் விரைவாகவும் கிடைத்தால்தான் மக்கள் துணிந்து தகவல் தருவார்கள். அதையும் நோய்த்தடுப்பின் ஒரு பகுதியாகவே நாம் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கோழிகள் திடீரென்று கூட்டமாக இறந்தால், வெறுங்கையால் தொடாதீர்கள். சமைக்கவோ விற்கவோ வேண்டாம். உடனே மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அந்த ஒரு தொலைபேசி அழைப்பு, பூட்டைத் திறக்க முயலும் பல கோடிக் கைகளைத் தடுக்கும்.