மாணவரும் மருத்துவக் காப்பும்

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் அமைந்த படப்பை, ஒரகடம் தொழிற்பகுதியை அடுத்துள்ள ஊர். இப்பகுதித் தொழிலாளர் பலரின் பிள்ளைகள் கல்லூரிகளில் பயில்கின்றனர். எதிர்பாராத அறுவை சிகிச்சை ஒன்று குடும்பத்தைக் கடனில் ஆழ்த்தி, அவர்தம் படிப்பையே நிறுத்திவிடக்கூடும். அதனைத் தடுக்கும் அரணே மருத்துவக் காப்பீடு.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த தொழிலாளர் அரசுக் காப்பீடு, மக்கள் வழக்கில் ‘இ.எஸ்.ஐ.’ எனப்படும். 2017 முதல் இதன் மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாய். 2019 ஜூலை முதல் தொழிலாளி ஊதியத்தில் 0.75 விழுக்காடும், நிறுவனம் 3.25 விழுக்காடும் செலுத்துகின்றன. 16,000 ரூபாய் ஊதியம் பெறுபவர் செலுத்துவது 120 ரூபாய். நிறுவனம் செலுத்துவது 520 ரூபாய். இதனால் குடும்பத்தினரும் மருத்துவ உரிமை பெறுவர். ஆயின், பெற்றோரின் வருவாயைச் சார்ந்து பயிலும் மகனுக்கு இவ்வுரிமை 21 வயது வரையே உண்டு. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ்ப் பயிற்சி பெறுவோரும் இக்காப்பில் அடங்கார்.

இ.எஸ்.ஐ. வரம்பில் வாராத எளிய குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் துணைநிற்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பம், பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை கட்டணமின்றிப் பயன்பெறலாம். குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்தில் பதிவு செய்தல் வேண்டும்.

நோய் வந்தபின் சான்றுகளைத் தேடி அலைவதினும், கல்லூரியில் சேருமுன்னரே தமக்குரிய காப்பினை அறிந்து பதிவு செய்துகொள்ளுதலே அறிவுடைமையாகும்.