கொரோனா நோயும் மூளையும்

உடலின் ஓருறுப்பைப் பற்றும் நோய் அவ்வுறுப்பளவில் நின்றுவிடுவதில்லை. 2019ஆம் ஆண்டின் இறுதியிற் சீன நாட்டின் வூகான் நகரில் அறியப்பட்டு, 2020ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆந் திகதி உலக சுகாதாரத் தாபனத்தால் உலகளாவிய கொள்ளைநோய் எனப்பெற்ற கொரோனா நோய் இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டிற்று. தொடக்கத்தில் அது சுவாசப்பையின் நோய் என்றே கருதப்பட்டது. ஆயின், வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டோருட் பலர் காய்ச்சல், இருமல் என்பவற்றோடு தலையிடி, தலைச்சுற்று, மணமறியாமை, சித்தக் கலக்கம், பாரிசவாதம் ஆகியவற்றாலும் வருந்தினர். சுவாசப்பையிற் புகுந்த நோய் மூளையை வருத்துவது எங்ஙனம்? வருத்தியவிடத்து நாம் செய்யத்தக்கது யாது? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வாம்.

வூகான் நகர வைத்தியர் 214 நோயாளரை ஆராய்ந்து, அவருள் 78 பேரிடத்து, அஃதாவது நூற்றுக்கு 36 பேரிடத்து, நரம்புத் தொகுதி சார்ந்த குறிகள் காணப்பட்டமையை 2020இல் வெளியிட்டனர். அமெரிக்காவின் சிக்காகோ நகரில் ஆராயப்பட்ட 509 பேருள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டோர் நோயின் யாதேனும் ஒரு கட்டத்தில் இத்தகைய குறிகளை உடையராயிருந்தனர். இவற்றுட் பல தசைநோவு, தலையிடி போன்ற எளியனவே. எனினும், ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர்க்கு மூளையின் தொழில் குழம்பி அறிவு மயங்கிற்று. அங்ஙனம் மயங்கியோருள் நூற்றுக்கு 21 பேருக்கு மேல் முப்பது நாளில் இறந்தனர்; மயங்காதாருள் இறந்தோர் நூற்றுக்கு மூவரளவினரே. எனவே, அறிவு மயக்கம் நோயின் கடுமையை உணர்த்தும் குறியாதல் பெறப்படும்.

வைரசு மூளையினுட் புகுந்து அதனை நேரே அழிக்கின்றதோ எனின், பெரும்பாலும் அன்று எனவே சான்றுகள் காட்டுகின்றன. ஜேர்மனியின் ஹம்பேர்க்கு நகரில் இந்நோயால் இறந்த 43 பேரின் மூளைகள் பரிசோதிக்கப்பட்டன. ஏறத்தாழப் பாதிப்பேரின் மூளையில் வைரசின் சுவடு காணப்பட்டது. ஆனால், அச்சுவடு இருந்தமைக்கும் மூளையில் நிகழ்ந்த மாற்றத்தின் கடுமைக்கும் தொடர்பு காணப்படவில்லை. மணமறியும் ஆற்றல் கெடுதலும் இத்தகையதே. மூக்கினுள்ளே மணத்தை உணரும் நரம்புக் கலங்களிலும் பார்க்க, அவற்றைத் தாங்கிப் போற்றும் துணைக் கலங்களிலேயே வைரசு பற்றுதற்குரிய புரதம் மிகுதியாக உண்டு. தாங்குவன கெடவே தாங்கப்படுவனவும் தொழில் இழக்கின்றன.

அங்ஙனமாயின், மூளைக்குத் தீங்கு வரும் வழிகள் யாவை? முதலாவது, ஒட்சிசன் குறைவு. உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கேயான மூளை, உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கைத் தானே கொள்கின்றது. சுவாசப்பை தளர்ந்தால் மூளை வாடுவது இயல்பு. இரண்டாவது, குருதி உறைதல். இந்நோயிற் குருதிக் குழாய்களின் உட்சுவர் அழற்சியுற்று, குருதி எளிதில் உறையும் தன்மை பெறுகின்றது. நியூயோர்க்கில் ஆராயப்பட்ட 1,916 கொரோனா நோயாளருள் 31 பேருக்கு மூளைக் குழாய் அடைப்பால் வரும் பாரிசவாதம் கண்டது. இன்புளுவென்சா நோயாளர் 1,486 பேருள் மூவருக்கே கண்டது. மூன்றாவது, நோயெதிர்ப்பின் மிகை. காவலர் பகைவரையும் குடிகளையும் வேறுபாடின்றித் தாக்குமாப்போல, உடலின் எதிர்ப்பாற்றல் சிலபோது தன் நரம்புகளையே தாக்குகின்றது. கால்களிற் தொடங்கி மேலேறித் தசைகளைச் செயலறச் செய்யும் கில்லன்–பரே நோய் சிலரிடத்து இங்ஙனம் தோன்றிற்று. இவற்றோடு சிறுநீரகத் தளர்ச்சியும் மயக்க மருந்துகளும் சேர மூளையின் சுமை பெருகும்.

இவ்விளைவுகளுள் நாம் சிறப்பாகக் கருத்திற் கொள்ளத்தக்கது, நம் முன்னோர் சன்னி என வழங்கிய சித்தக் கலக்கமாகும். இடமும் காலமும் அறியாமை, தொடர்பற்ற பேச்சு, கிளர்ச்சி அல்லது மிகுந்த சோம்பல் என்பன அதன் குறிகள். அமெரிக்காவில் ஏழு வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த, 65 வயதும் அதற்கு மேலும் உடைய 817 கொரோனா நோயாளருள் 226 பேர் வரும்போதே இந்நிலையில் இருந்தனர். அவருள் 84 பேருக்குக் காய்ச்சல், மூச்சுத் திணறல் முதலிய வழக்கமான குறிகள் இருந்தில. இது மிகவும் எண்ணத்தக்கது. நேற்றுவரை தெளிவாகப் பேசிய முதியவர் இன்று தடுமாறுவாராயின், அதனை மூப்பின் இயல்பு என்று கொண்டு வாளாவிருத்தல் பெருந்தவறாகும். மூப்பின் மறதி மெல்ல மெல்ல வருவது. சன்னியோ சில மணி நேரத்தில், அன்றேற் சில நாளில் வருவது.

பதினான்கு நாடுகளிலே தீவிர சிகிச்சை பெற்ற 2,088 பேரைப் பற்றி 2021இல் வெளிவந்த ஆராய்ச்சி, அவருட் பாதிக்கு மேற்பட்டோர் சன்னியுற்றனர் எனக் கூறுகின்றது. பென்சோடையசெப்பீன் வகை மயக்க மருந்து பெற்றோரிடத்து அது மிகுந்தும், உறவினரை நேரிலோ காணொளி வாயிலாகவோ கண்டோரிடத்துக் குறைந்தும் காணப்பட்டது. தொற்றஞ்சி நோயாளரைத் தனிமைப்படுத்திய அக்காலத்தில், பழகிய குரலும் முகமும் மூளைக்குத் துணையாதல் கூடும் என்பதை இம்முடிவு உணர்த்திற்று.

வைத்தியசாலையினின்று மீண்டதோடு யாவும் முடிந்தனவும் அல்ல. பிரான்சின் ஸ்ராஸ்பூர்க்கு நகரில் தீவிர சிகிச்சை பெற்று வெளியேறிய 45 பேருள் 15 பேரிடத்துக் கவனக்குறைவோ, ஏவலை ஒழுங்காகச் செய்யவியலாமையோ காணப்பட்டது. இத்தகையோரைச் சோம்பர் எனக் கடிதல் முறையன்று. ஓய்வும் பயிற்சியும் வைத்தியரின் தொடர்ந்த மேற்பார்வையும் அவர்க்கு வேண்டும்.

ஒட்சிசனைக் குறைவின்றி அளித்தல், குருதி உறைவைத் தடுத்தல், வேண்டா மயக்க மருந்தைத் தவிர்த்தல், உறவினரின் அண்மையைக் கூடியவரை அளித்தல் என்பன மூளையைக் காக்கும் வழிகள். இவற்றுட் பெரும்பாலன வைத்தியர் கடமை. சித்தத்தின் திடீர் மாற்றத்தை முதலிற் கண்டு சொல்லுதலோ, நோயாளியின் இயல்பை நன்கறிந்த வீட்டாரின் கடமையாகும்.